கிராணி கேட்ட பாட்டு

தோட்டத்தில் செக்குரோல் எழுதும் கிராணி நான். சென்ற மாதம் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நண்பரொருவர் மாடியில் தங்கினேன். இரவுத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்தபின் அவர் ஓர் இசைத்தட்டை வைத்தார்: அமெரிக்கர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா'. பெருங் கோஷ்டியுடன் அரங்கம் அதிரப் பாடும் ராக் பாடகர் அவர். இதனையோ வீட்டறையில், கித்தாரும் ஹார்மோனிகாவும் துணையாக, சிறு காஸெட் கருவியில் தனியே பதிந்தார். பிறகு கோஷ்டியுடன் பாடிப் பார்த்தும் மனம் நிறையாமல், அந்தக் காஸெட்டையே தட்டாக்கினார். ஆரவாரமில்லாமையால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

அதில் 'ஜானி 99' என்றொரு பாட்டு. ஆலை மூடி வேலையிழந்தவன், வீட்டுக்கடன் நெருக்க, குடிவெறியில் இரவுக் கிராணியொருவனைச் சுட்டு, 99 ஆண்டுச் சிறைத் தண்டனை பெறுகிறான். மாண்டவன் என் தொழிலைச் சேர்ந்தவனாயிற்றே என்றுதான் முதலில் மனம் துடித்தது. மறுகணமே, சென்ற ஆண்டு மேலிடத்து உத்தரவின்படி நான் சிவப்பு மையால் அடித்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கடன் உண்டா, பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்டேனில்லை.

தோழர்களே, தோட்டம் திரும்பியதும் விசாரித்தேன். எங்கோ போய்விட்டான் என்றார்கள். அடித்த கோட்டின் கீழ் அவன் பெயரை இன்னும் படிக்க முடிகிறது.