விரிசலும் பூச்சும்

திருப்பாச்சூர் வாசீசுவரர் கோயிலைக் காண வரும் நண்பர்களுக்கு அதன் தூங்கானை மாட விமானத்தைச் சுற்றிக் காட்டுவது நம் வழக்கம். சென்ற மழைக்காலத்தில் அவ்வாறு வந்தவர் ஒரு கட்டுமானப் பொறியாளர். கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தவர், காபியை வாங்குமுன்பே அண்ணாந்து அம்மாவின் அறைத் தளத்தைப் பார்த்தார்.

"இந்த விரிசலை எத்தனை முறை பூசினீர்கள்?"

மூன்று முறை என்றோம். ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் அது திரும்ப வந்தது. அப்பா 1984-இல் சேமநிதிப் பணத்தில் எழுப்பிய வீடு. அதில் குறை காண மனம் ஒப்பவில்லை என்பதே உண்மை.

நண்பர் சிறு சுத்தியலால் தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். சுவரோரம் கணீரென்றது, விரிசலருகே வெறும் பானையைத் தட்டினாற்போல் ஒலித்தது.

கான்கிரீட்டின் காரத்தன்மையே உள்ளிருக்கும் கம்பியைத் துருவினின்று காக்கிறதாம். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அக்காரத்தைக் குறைத்துவிடும். பின்பு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கனமாவது வேண்டுமாம்; உதிர்ந்த சில்லோ அரை விரற்கடைகூட இல்லை.

தொய்வும் இருந்தது. நிலையான சுமையைத் தாங்கும் கான்கிரீட் நாள் செல்லச் செல்ல மெல்ல வளையும். இறுதித் தொய்வு, தாங்கும் நீளத்தில் 250-இல் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது ஐ.எஸ். 456 விதி, 12 அடி அறைக்கு ஏறத்தாழ 15 மி.மீ. நூல் பிடித்து அளந்தோம்: 28 மி.மீ.

"விழாமல் நிற்பது ஒரு கணக்கு, குடியிருக்கத் தக்கதாய் நிற்பது இன்னொரு கணக்கு" என்றார் நண்பர். பசிபிக் தீவான பலாவில் 1977-இல் கட்டிய பாலம் இருபதாண்டுக்குள் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தொய்ந்ததையும், செப்பனிட்டபின் 1996-இல் இடிந்ததையும் சொன்னார். நமக்குத் திருவொற்றியூர் நினைவுக்கு வந்தது. 2021 டிசம்பர் 27 அன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் 24 வீடுகள் இடிந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் விரிசலைப் பார்த்து வெளியேறினார்கள். நாம் கொத்தனாரை அழைத்துப் பூசியிருந்தோம்.

அன்றிரவே அம்மாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். "உங்கப்பா கட்டின வீடு நம்மள ஒண்ணும் பண்ணாதுப்பா" என்றார் அம்மா. மறுநாள் தட்டி எடுத்தபோது, கட்டிலின் தலைமாடு இருந்த இடத்துக்கு நேர் மேலே முறத்தளவு பாளமொன்று கையோடு வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

தளத்தைச் செப்பனிட்டாயிற்று. அம்மா இன்னும் முன்னறையில்தான் படுக்கிறார். நண்பர்களும் இன்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.