கருவேலம் கங்காகும் வரை

ஆஸ்டினிலிருந்து தெற்கே லாக்ஹார்ட்டுக்குக் காரில் முக்கால் மணி நேரம். வழிநெடுக மேய்ச்சல் நிலம், கம்பி வேலி, இடையிடையே கிளை முறுக்கிய குட்டை ஓக் மரங்கள். "இதுதாண்ணே போஸ்ட் ஓக்" என்று வண்டியை ஓட்டியபடியே கைகாட்டினான் சித்தப்பா மகன். ஒரு காலத்தில் வேலிக்கால் நடுவதற்காக வெட்டிய மரம். மத்திய டெக்சஸின் கறிக்கடைகள் பெரும்பாலும் இதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. தம்பி வீட்டுப் பின்பக்கம், பெல்லட் என்கிற மரத்தூள் குச்சிகளை எரிக்கும் அடுப்பு ஒன்று இருக்கிறது. எந்த மரத்துப் பெல்லட் வாங்குவது என்பது அவன் கேள்வி. விறகின் வாசம் கறியில் எப்படி ஏறுகிறது என்பது என் கேள்வி. இரண்டையும் கேட்பதற்கு லாக்ஹார்ட்டை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1999இல் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவையே அதை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது.

அங்கே ஸ்மிட்டீஸ் மார்க்கெட் என்கிற கறிக்கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தீ. கறி வாங்க வரிசையில் நிற்பவர்களின் கால்பக்கத்தில், தரையிலேயே எரிகிறது. நீளமான செங்கல் அடுப்பின் ஒரு முனையில் விறகு, மறுமுனையில் புகைபோக்கி. புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் அனலும் புகையும் கறியைத் தடவிக்கொண்டே போகின்றன. சுவர்கள் முழுக்கத் தலைமுறைக் கணக்கில் படிந்த கரி. ஜெர்மனியிலிருந்து குடிவந்த கசாப்புக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சி கெடாமலிருக்கப் புகை போட்டதில் தொடங்கிய வழக்கம் இது. இந்தக் கட்டடத்தில் முன்பு இருந்தது 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட். 1999இல் குடும்பத்துக்குள் பிரிவு வந்து கடை வேறிடம் மாறியபோது, பழைய அடுப்பின் கங்கை ஒரு தொட்டியில் அள்ளித் தெருவழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். கடையின் பெயரோடு கங்கும் கூடவே போக வேண்டும் என்று நினைத்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறியைத் தடித்த காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும்தான் முன்னால் நின்றன. அதற்கு மேல் நாக்கில் படுகிற எல்லாம் கொழுப்பும் நெருப்பும் கொடுத்தது. மேல்தோல் கருத்து, மிளகு கடிபட்டு, உள்ளே கறி விரலால் பிய்க்கும் பதத்தில் இருந்தது. தோலுக்கு அடியில் ஓடிய இளஞ்சிவப்பு வளையத்தைக் காட்டி, "புகை இவ்வளவு தூரம் உள்ளே போயிருக்குண்ணே" என்றான் தம்பி. பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் அது நிறம் மட்டுமே. விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையிலுள்ள மையோகுளோபினோடு சேர்ந்து அந்தச் சிவப்பை வெந்த பிறகும் மாறாமல் நிறுத்திவைக்கின்றன. வளையத்தைத் தனியாக வெட்டித் தின்றால் புகைச்சுவை கூடுதலாக இருக்காது. புகையின் ருசி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தங்குகிறது.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது? விறகில் முக்கியமாக மூன்று பொருள்கள்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதலிரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். அவை சூட்டில் உடையும்போது இனிப்பான வாசமும், கறியின் மேல்தோலைச் செம்பழுப்பாக்கும் பொருள்களும் பிறக்கின்றன. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். அது உடையும்போதுதான் குவையகாலும் சிரிங்காலும் வருகின்றன. புகையின் சுவை பெரிதும் குவையகாலிலிருந்தும், அதன் மணம் சிரிங்காலிலிருந்தும் வருகிறது. ஓக், ஹிக்கரி, ஆப்பிள் போன்ற அகன்ற இலை மரங்களின் லிக்னின் இரண்டையும் தரும். பைன் வகைகளில் சிரிங்காலுக்கு வழியில்லை. போதாததற்குப் பிசினும் உண்டு. அது எரிந்தால் கரிப்புகையும் கசப்பும்தான். அதனால்தான் கறி சுடும் விறகில் பைனைச் சேர்ப்பதில்லை.

ஆனால் மரத்தின் ஜாதி பாதிக் கதைதான். ஒரே ஓக் கட்டை காற்றில்லாமல் குமைந்தால் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், கறி கசக்கும். நன்றாகக் காய்ந்து, காற்று கிடைத்து, தெளிவாக எரிந்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப்புகை வரும். கடைக்காரர்கள் பாடுபடுவது அந்த நீலத்துக்காக. தீயைப் பார்த்துக்கொள்பவர் விறகைச் சேர்த்துவிட்டு அடுப்பைப் பார்ப்பதை விட அடிக்கடி புகைபோக்கியைத்தான் பார்க்கிறார்.

பெல்லட் அடுப்பு அந்த ஆளின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வீட்டைச் சூடாக்க அமெரிக்காவில் பரவிய எரிபொருள் பெல்லட். அறுப்பு மில்லின் மரத்தூளைக் காயவைத்து, துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியாகப் பெரும் அழுத்தத்தில் பிதுக்குவார்கள். அப்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னினே இளகிப் பசையாகிவிடும். தனியாக ஒட்டுப்பொருள் தேவையில்லை. ஆறு மில்லிமீட்டர் கனத்தில் சிறு குச்சிகளாக வரும். ஆரகன் மாநிலத்தின் மவுன்ட் ஏஞ்சல் ஊரில் வீடு சூடாக்கும் கருவிகள் செய்துவந்த ஜோ டிரேகர், இதே பெல்லட்டை வைத்துக் கறி சுடும் அடுப்பை 1985 வாக்கில் உருவாக்கி, 1986இல் காப்புரிமை பெற்றார். 2006இல் அந்த உரிமை முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். தொட்டியில் பெல்லட்டைக் கொட்டி, சூட்டை எண்ணில் குறித்துவிட்டால் போதும். ஒரு திருகு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குடுவைக்குள் தள்ளும், சிறு விசிறி காற்றடிக்கும். வேலைக்குப் போய் வருகிறவனுக்கு இது வரம். இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து விறகு போட வேண்டியதில்லை.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை புகையில் தெரிகிறது. பட்டை, ஈரம், கட்டையின் பருமன் என்று ஒரு விறகை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் பல குணங்கள் மரத்தூளாகும்போதே சமமாகிவிடுகின்றன. மிஞ்சுவது மரத்தின் வேதியியல் மட்டும். அதையும் விசிறி சுத்தமாக எரித்துவிடுகிறது. தம்பி வீட்டில் ஓக் பெல்லட்டிலும் ஹிக்கரி பெல்லட்டிலும் சுட்ட பிரிஸ்கெட்டை அடுத்தடுத்து வைத்துத் தின்று பார்த்தோம். எது எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாட்டுக் கொழுப்பும் மிளகும் அவ்வளவு அழுத்தமானவை. அதே அடுப்பில் கோழித் தொடையை வைத்தபோது கதை மாறியது. ஆப்பிள் பெல்லட்டில் வெந்த கோழி மெலிதாக இனித்தது. மெஸ்கீட் மரப் பெல்லட்டில் வெந்ததைத் தட்டில் எடுக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிட்டது: மண்வாசம் கலந்த காரம், ஓரத்தில் கசப்பு. ஆக, மர வேற்றுமை கோழியிலும் மீனிலும் பேசும், மாட்டில் அடங்கிவிடும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் பழங்குடி மக்கள் சால்மன் மீனுக்கு ஆல்டர் மரத்தையே எடுத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். மென்மையான மீனை அமுக்காத மென்மையான புகை அது.

பெல்லட் பையை வாங்கும்போது முன்பக்கத்துப் பெரிய எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. ஹிக்கரி என்றோ செர்ரி என்றோ அச்சிட்ட பல பைகளுக்குள் பெரும்பகுதி ஓக்கோ ஆல்டரோதான் இருக்கும். பெயர்பெற்ற மரம் ஒரு பங்கு மட்டும். கலப்பதில் குற்றமில்லை. சீராக எரிய ஓக் உதவும். ஆனால் எவ்வளவு கலப்பு என்பதைப் பின்பக்கத்தில் தேடிப் படிக்க வேண்டும். முழுக்க ஒரே மரம் என்று எழுதிய பைக்கு நான் கூடுதல் காசு கொடுப்பேன்.

மரத்தை விட முக்கியமான இன்னொன்றைத் தம்பியின் அடுப்பே காட்டிக்கொடுத்தது. 225 பாரன்ஹீட், அதாவது சுமார் 107 செல்சியஸில் வைத்தால் பெல்லட் மெதுவாக விழும், தீ சற்றே தணிந்து எரியும், புகை வரும். 350க்கு ஏற்றிவிட்டால் தீ தெளிந்துவிடும். அப்போது ஆப்பிளும் ஹிக்கரியும் ஒன்றுதான், வெறும் எரிபொருள். தவிர, குளிர்ந்து ஈரமாயிருக்கும் மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறியை நேரே அடுப்பில் வைத்து முதல் சில மணி நேரம் தாழ்ந்த சூட்டில் விட்டால், வாங்கிய மரத்துக்கு அர்த்தம் இருக்கும். தோல் காய்ந்து கருத்த பிறகு எந்த மரத்தைக் கொட்டினாலும் அந்த அளவு ஏறாது.

அடுத்த வார இறுதியில் லானோவுக்குப் போனோம். ஆஸ்டினுக்கு வடமேற்கே, கருங்கல் பாறைகள் தலைநீட்டும் வறண்ட பூமி. போகப்போக ஓக் குறைந்தது. சாலையின் இரு பக்கமும் முள்ளும், பொடி இலையும், தொங்கும் நெற்றுமாக ஒரு மரம் கூடிக்கொண்டே வந்தது. கமுதியிலிருந்து முதுகுளத்தூர் போகும் சாலையில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சகோதரம்தான் டெக்சஸ் மெஸ்கீட். இரண்டும் ஒரே கூட்டம். டெக்சஸில் மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிறது, நம்மூரில் ஆடும் சேர்ந்து பரப்புகிறது. டெக்சஸ் பண்ணைக்காரர்களும் மேய்ச்சல் நிலத்தையும் தண்ணீரையும் தின்கிற மரம் என்றுதான் இதைத் திட்டுகிறார்கள்.

லானோவின் கூப்பர்ஸ் கடையில் அடுப்புகள் வாசலிலேயே இருக்கின்றன. மூடியைத் திறந்து காட்டுவார்கள். வேண்டிய துண்டை நாம் கைகாட்ட வேண்டும். நான் கறியை விட்டுவிட்டு, தள்ளியிருந்த பெரிய தீமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஸ்கீட் கட்டைகள் அங்கே தனியாகக் கொழுந்துவிட்டு எரிகின்றன. கறிக்கு அருகில் அந்தப் புகை வருவதே இல்லை. கட்டை எரிந்து செங்கங்கானதும் ஒருவர் மண்வெட்டியால் அள்ளிவந்து கறிக்கு அடியில் பரப்புகிறார். லிக்னின் மிகுந்த மெஸ்கீட்டின் முதல் புகை கடுமையானது. பல மணி நேரம் அதில் கறியை வைத்தால் நாக்கு சுருங்கும். அதைத் தீமேடையில் வானத்துக்கு விட்டுவிட்டு, கங்கின் அனலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கறியிலிருந்து சொட்டும் கொழுப்பு கங்கில் விழுந்து ஆவியாகி மறுபடி கறியில் ஏறுகிறது. லானோவின் ருசியில் பாதி அந்த ஆவி. லாக்ஹார்ட் கறியில் புகை முன்னால் நிற்கிறது; இங்கே சுட்ட வாசம் முன்னால் நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் தத்தம் மண்ணில் கிடைத்த மரத்தின் குணமறிந்து வேறுவேறு அடுப்பு கட்டியிருக்கின்றன.

எனக்கு எங்களூர் கரிமூட்டம் நினைவுக்கு வந்தது. சீமைக் கருவேலக் கட்டைகளைக் குவித்து அடுக்கி, தழை போர்த்தி, மண் பூசி, காற்றை ஒடுக்கி நாள்கணக்கில் வேகவைப்பார்கள். துளை வழியாகக் கண்ணைக் கரித்துக்கொண்டு வெளியேறுகிற அந்தப் புகையில்தான் குவையகாலும் சிரிங்காலும் இன்னபிறவும் போய்விடுகின்றன. மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் கரி. அதனால்தான் கருவேலக் கரியில் சுட்ட கோழியில் கருவேல வாசம் வருவதில்லை. மூட்டத்தில் வியர்வையும் புகையுமாக நிற்கிற எங்களூர் ஆட்கள் செய்வதும், லானோவின் மண்வெட்டிக்காரர் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. அவருடைய கைத்திறனைப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போடுகின்றன. நம்மவர்களின் கைத்திறனுக்கும் அந்த மதிப்பு வர வேண்டும் என்று அங்கே நின்று மனதார ஆசைப்பட்டேன்.

திரும்பும் வழியில் தம்பி கேட்டான்: "அப்ப எந்தப் பைண்ணே வாங்க?"

"நெஞ்சுக்கறிக்கு ஓக் போதும். கோழிக்கும் பன்றி விலாவுக்கும் ஆப்பிளோ பீக்கனோ. மெஸ்கீட்டை இரவு முழுக்க வேகிற கறிக்குப் போடாதே."

"அதே மரத்துலதானே இப்ப அவ்வளவு ருசியா சாப்பிட்டோம்?"

"அவங்க கங்காகும் வரைக்கும் காத்திருக்காங்கப்பா. உன் அடுப்பு காத்திருக்காது. ராத்திரி பூராவும் பச்சைப் பெல்லட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு குச்சியும் தன் முதல் புகையைக் கறி மேலதான் விடும்."

ஊருக்குள் நுழைந்ததும் கடையில் வண்டியை நிறுத்தினான். ஓக் பை ஒன்றைத் தூக்கித் திருப்பி, முதலில் பின்பக்கத்தைப் படித்தான்.