அப்பாவின் 36 நிமிஷம்!

ஆவடி லோக்கல் ரயில் எங்கள் பூந்தமல்லிக்கு வராது. ஆவடி வரை பஸ், அங்கிருந்து அம்பத்தூருக்கு ரயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது என்றால் நம்பவா போகிறீர்கள்? கிடைக்கவில்லை.

சட்டைப்பையில் பென் டிரைவ். அதில் அப்பா.

அப்பாவுக்கு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை. 1965-லிருந்து விஜயந்தா டாங்கிகள் உருண்டு வந்த இடம். இரும்போடு பழகிய குரல். வீட்டில் 'தண்ணி கொண்டா' என்றால் தெருவில் நாலு பேர் சொம்போடு வருவார்கள். 1996-ல் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததை விளையாட்டாக டேப்பில் பிடித்தார். 2001-ல் போய்விட்டார். 2008-ல் ஒரு கடையில் கொடுத்து கேஸட்டை எம்.பி.3 ஆக்கினோம். கேஸட் பூஞ்சை பிடித்துப் போனது.

ஃபைலோ மொத்தம் 48 நிமிஷம் என்று காட்டும். 12-ல் டக்கென்று நின்றுவிடும். நடுவில் 'பதினாறு ஏழு' வருகிற இடத்தில் ஒரு கிறீச். நான் பி.காம். சார்! 36 நிமிஷம் டேலி ஆகவில்லை என்றால் தூக்கம் வருமா? "மீதியில என்னடா பேசியிருப்பாரு?" என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர். இறங்கி, ஓ.டி. பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. இருபது வயசுப் பையன்.

"மொதல்ல ஒரு காப்பி எடுத்துக்கறேண்ணே. ஒரிஜினல்ல கை வைக்கக்கூடாது" என்றான். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"எம்.பி.3-ங்கறது நீங்க வந்த ட்ரெயின் மாதிரி. குட்டிக்குட்டிப் பெட்டி, செகண்டுக்கு 38. ஒவ்வொண்ணு நெத்தியிலயும் ஒரு போர்டு. ஒரு பெட்டி கெட்டா ப்ளேயர் அடுத்த போர்டைத் தேடிப் பிடிச்சு ஓடிரும். அதான் அந்தக் கிறீச்."

எம்.பி.3வால் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். கெட்ட பெட்டிகள் கழன்றன. 'ஏழு'வில் கால் எழுத்து போச்சு, பரவாயில்லை.

"48 நிமிஷம்?"

"ரேட் மாறி மாறி வர்ற ஃபைலுக்கு, மொத்தம் எவ்வளவுன்னு முன்னால ஒரு சீட்டு இருக்கணும். இதுல இல்ல. ப்ளேயர் முதல் பெட்டியை மட்டும் பாத்துக் கணக்குப் போட்டிருக்கு. ஆரம்பத்துல உங்கப்பா பேசல, சும்மா இருக்காரு. 32 கிலோபிட். மொத்தத்துக்கும் சராசரி 128."

டிகிரி கை கொடுத்தது. நாலு மடங்கு. பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு!

"அப்போ மீதி 36 நிமிஷம்?"

"இல்லவே இல்லண்ணே."

ஃபூபார் 2000-ல் அந்தச் சீட்டை எழுதி ஒட்டி, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

ராத்திரி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். 12 நிமிஷம். முடிந்தது.

"மீதி எங்கடா?"

"அவ்வளவுதாம்மா."

கொஞ்ச நேரம் செல்போனையே பார்த்தாள்.

"சரி, இன்னொரு தடவை போடு."