ஐந்து ஆம்பியர் கம்பி

மாமா மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, கல்யாணம் என்று ஊரெல்லாம் பாடிய அவருடைய வால்வு ஆம்ப்ளிபயர் இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் இரண்டு இ.எல்.34 வால்வு. அதை இறக்கித் தூசி தட்டி, நேராக ஸ்விட்சைப் போட்டேன். (பழைய பெட்டிக்கு முதலில் ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அப்போது தெரியாது.) பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. வீட்டு கட்டவுட்டுக்கு வாங்கி வைத்திருந்த 5 ஆம்பியர் கம்பியைக் கண்ணாடிக் குழலின் இரு முனையிலும் சுற்றி மாட்டினேன். பாட்டு வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், இரண்டு வால்வின் பிளேட்டும் செக்கச்செவேலென்று கனன்றன. இருட்டில் இன்னும் அழகாக இருக்கும் என்று லைட்டை அணைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தார் உருகும் நாற்றம் வந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன்.

வால்வு செட் பார்க்கிற பெரியவர் ஒருவர் அடிப்பலகையைக் கழற்றினார். "தம்பி, இந்தக் கம்பிய யாரு சுத்துனது?" "மாமா காலத்துலேர்ந்து இருக்குங்க" என்றேன். கம்பி புத்தம் புதுசாகப் பளபளத்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

முதலில் போன பியூஸ்கள் இரண்டும் 1 ஆம்பியர்தான். ஆனால் மூடியில் 'எஃப்' என்ற எழுத்து, சட்டென்று உருகும் வகை. வால்வின் இழைகள் குளிர்ந்திருக்கும்போதும் கண்டன்சர்கள் காலியாக இருக்கும்போதும் முதல் நொடியில் கரண்ட் பலமடங்கு பாயும். அதைப் பொறுத்துக்கொள்ள 'டி' எழுத்துள்ள மெது பியூஸ் வேண்டும். ஆக, அப்போது பெட்டியில் கோளாறே இல்லை.

கோளாறு பிறகு வந்தது. கிரிடுக்கு மைனஸ் வோல்ட் கொடுக்கும் பகுதியில் கண்டன்சர் காய்ந்துபோய், இரண்டு வால்வும் கட்டுப்பாடில்லாமல் இழுத்திருக்கின்றன. சேர்ந்து 80 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டியவை 300 எடுத்தன என்று வையுங்கள். 400 வோல்ட்டில் கூடுதலாக 88 வாட். ஆனால் 230 வோல்ட் மெயினில் அது 0.4 ஆம்பியர்கூட இல்லை! வழக்கமான 0.4-உடன் கூட்டினாலும் 1 ஆம்பியருக்குள்தான். அதாவது சரியான மெயின் பியூஸ் இருந்திருந்தாலும் வால்வுகள் சிவந்திருக்கும். என்ன, அந்தச் சூட்டில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஷார்ட் ஆன நிமிடம் அது உருகி, பவர் டிரான்ஸ்பார்மரையாவது காப்பாற்றியிருக்கும். என் கம்பி இரண்டையும் சேர்த்து எரித்தது.

வைண்டிங் கூலி கொடுத்து முடித்தபின் பெரியவர் ஒவ்வொரு கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் வைத்தார். 400 வோல்ட் லைனை வெட்டி மீட்டரை நுழைக்கத் தேவையில்லை, ரெசிஸ்டரில் 0.4 வோல்ட் காட்டினால் 40 மில்லி ஆம்பியர். சும்மா இருக்கும்போது 38, 41. முழுச் சத்தத்தில் இரண்டும் சேர்ந்து 130. அதைப் பார்த்துத்தான் அந்த 400 வோல்ட் லைனில் 160 மில்லி ஆம்பியர் மெது பியூஸ் ஒன்று போட்டோம், 500 வோல்ட் டி.சி. தாங்கும் வகையாகத் தேடி. சாதாரண 250 வோல்ட் பியூஸ் அங்கே உருகினாலும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டு நிற்கலாம்.

மூடியின் உட்புறம் 'மெயின் 1 ஆம்பியர், டி' என்று மார்க்கரால் எழுதிவைத்தேன். போன தீபாவளிக்கு வந்த மாமா அதைப் படித்துவிட்டு, "என் காலத்துல எதுவுமே எரிஞ்சதில்லையேடா" என்றார். ஆமாம் மாமா, என்றேன். கம்பி விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை.