தந்தையார் குரல்

தில்லையில் அடைபட்டிருந்த தேவார ஏடுகளை இராசராச சோழன் திறப்பித்தபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்பது அன்பர்கள் அறிந்த வரலாறு. எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தளித்ததால்தான் அவை இன்றும் கோயில்தோறும் ஓதப்படுகின்றன. ஏட்டுக்குக் கறையான் பகையானது போலவே, இக்காலத்துக் குறுந்தகட்டுக்கும் பகைகள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதனைத் தம் இல்லத்திலேயே அறிந்துகொண்டார்.

அவருடைய தந்தையார் மார்கழி மாதந்தோறும் வீதி பஜனை நடத்தி வந்தவர். 1984ஆம் ஆண்டு மார்கழியில் அவர் பாடிய திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் 90 நிமிடக் கேசட் ஒன்றில் பதிவாயின. மறு ஆண்டு அவர் சிவபதம் அடைந்தார். அதன்பின் ஆண்டுதோறும் திதியன்று அக்கேசட்டை ஒலிக்கச் செய்வது குடும்பத்தின் வழக்கமாயிற்று. 2004இல் கடை ஒன்றில் கொடுத்து அதனைக் குறுந்தகடுகளாக மாற்றி வாங்கினார் ஆசிரியர். தகட்டின் மேல் வட்டமாக நடராசர் படமும் ஒட்டித் தந்தார்கள். பூசையறைச் சன்னலோரம் அது பக்தியுடன் வைக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. திதி நாளன்று திருவெம்பாவையின் நடுவே குரல் விட்டுவிட்டு ஒலித்து, பின் அடியோடு நின்றது. ஊஞ்சலில் அமர்ந்திருந்த முதிய தாயார், "ஏம்ப்பா, அப்பா பாட்டு நின்னுபோச்சு?" என்று கேட்டார். மகனிடம் விடை இல்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னரே அவர் விசாரித்துத் தெளிந்தார். கடையில் விற்கும் இசைத்தகட்டில் ஒலி நுண்ணிய பள்ளங்களாக அச்சில் வார்க்கப்படுகிறது. நாம் எழுதிக்கொள்ளும் தகட்டிலோ ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் கதிர் அதனைச் சுட்டு அடையாளமிடுகிறது. அச்சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் கெடும். மேலும், சாயமும் அதன்மேல் உள்ள உலோகப் பூச்சும் பெயர் எழுதும் மேற்புறத்தை ஒட்டியே அமைந்துள்ளன. ஆதலால் அடிப்புறக் கீறலைவிட மேற்புறக் கீறலே பெருங்கேடு விளைக்கும். ஒட்டிய காகிதமும் தகட்டின் சுழற்சியைத் தடுமாறச் செய்யும். அதனை உரித்தாலோ பூச்சும் உடன் வந்துவிடக்கூடும்.

நல்வினைப் பயனாக, பழைய கேசட்டைத் தாயார் எறியவில்லை. பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். இம்முறை ஆசிரியர் பிறரை நம்பாமல் தாமே முயன்றார்.

நெடுநாள் ஓடாத நாடாவை முதலில் முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டித் தளர்த்தினார். டேப் ரிக்கார்டரின் 'ஹெட்' பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்தார். கம்பி வழியே கணினியில் இணைத்து, ஜால்ராவின் உச்ச ஒலியும் சிவப்புக் கோட்டைத் தொடாதவாறு அளவை அமைத்தார். சுருக்கிய எம்.பி.3 வடிவில் அன்றி, நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட முழு 'வேவ்' கோப்பாகவே சேமித்தார். தகட்டில் 80 நிமிடங்களே அடங்கும். ஆதலால் கேசட்டின் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு தகடுகள். எழுதும்போது கணினியில் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. அதிவேகத்தைத் தவிர்த்து, இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எழுதி நிறைவு செய்தார். பின்பு அவற்றை வேறொரு கருவியில் இட்டு, முதல் முதல் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார்.

இரு வேறு நிறுவனங்களின் தகடுகளில் படிகள் எடுத்து, ஒன்றைத் தம் அலமாரியில் உறையிட்டு நிமிர்த்தி வைத்தார். மற்றொன்றை வெளியூரிலுள்ள மகள் வீட்டுக்கு அனுப்பினார். கோப்புகளைத் தரவுத் தகடுகளிலும் தனியே எழுதினார். இசைத்தகட்டைக் காட்டிலும் தரவுத் தகட்டில் பிழை திருத்தும் ஏற்பாடு மிகுதி. நீர் மை கொண்ட மெல்லிய பேனாவால், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் மட்டும் தேதியைக் குறித்தார். ஆண்டுக்கொரு முறை, திதிக்கு முன்பாக, எல்லாப் படிகளையும் ஓட்டிப் பார்ப்பது என்று நியமம் செய்துகொண்டார்.

அடுத்த திதியன்று பாடல் முன்பு நின்ற இடத்தைக் கடந்து சென்றது. தாயார் கண்மூடிக் கேட்டிருந்தார். திருப்பள்ளியெழுச்சி முடிந்த பின்னும் நாடா ஓடிய ஒலி கேட்டது. சங்கொலி அடங்கியதும் தந்தையாரின் குரல், "பிரசாதத்தைக் குழந்தைகளுக்கு முதல்ல கொடு" என்றது. கடைக்காரர் தேவையற்றதென்று வெட்டிவிட்ட பகுதி அது. தாயார் கண் திறந்து, "என்கிட்டதான் சொன்னார்" என்றார்.

அன்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய கேசட்டுகள் இருக்கக்கூடும். வரும் மார்கழிக்குள் ஒன்றையேனும் எடுத்துப் படி செய்து வைத்தல் நலம். படி எடுத்த பின்னும் மூலத்தை எறிய வேண்டா. ஏடுகளை நம் முன்னோர் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்தனர். இப்பணியும் அவ்வாறே ஒருமுறையோடு முடிவதன்று.