ரிப்போர்ட்ல 18 மைக்ரான், கையில எலும்பு

வெளிநாட்டுல இருக்கிற ஒரு தங்கை இன்பாக்ஸ்ல கேட்டிருந்தாங்க. "டாக்டர், 'பேபி அல்பாகா'ன்னு லேபிள் போட்ட ஸ்வெட்டர் வாங்கலாமா? எனக்குக் கம்பளி அலர்ஜி. அதோட, குட்டியைக் கொன்னு எடுக்கிற முடின்னு சொல்றாங்களே?"

ரெண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிடறேன். இல்லைங்க. 'பேபி'ங்கிறது தரத்தோட பேரு. இழையோட சராசரித் தடிமன் சுமார் 22, 23 மைக்ரானுக்குள்ள இருந்தா அந்தப் பேரு. பத்து வயசுக் கிழ அல்பாகாகிட்ட வெட்டினாலும், அவ்வளவு மெல்லிசா இருந்தா அது 'பேபி'தான். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னாடி முடியை வெட்டுவாங்க. விலங்கு எழுந்து போய் மேய ஆரம்பிச்சிடும்.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையா வாங்க. இதைத் தேடப் போய்த்தான் ஒரு மாசமா இந்த விலங்கை விட்டு என்னால வெளியே வர முடியல.

"கம்பளி அலர்ஜி"ன்னு சொல்ற பலருக்கு உண்மையில இருக்கிறது அலர்ஜி இல்லை. குத்தல். சுமார் 30 மைக்ரானுக்கு மேல தடிச்ச இழை தோல்ல முட்டும்போது வளையாது. ஊசி மாதிரி நின்னு அழுத்தும். தோலுக்கடியில வலியை உணர்ற நரம்பு நுனி உடனே மூளைக்குச் சேதி அனுப்பும். நாம சொறிவோம். நூத்துக்கு அஞ்சு இழை அப்படி இருந்தாலே போதும், மீதி 95 பட்டா இருந்தும் பயனில்லை.

அதனால சராசரியை மட்டும் பார்க்கிறது ஏமாத்து வேலை. ஹெச்பிஏ1சி 7 இருக்கிற ரெண்டு சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கோங்க. ஒருத்தருக்கு நாள் முழுக்கச் சீரான சர்க்கரை. இன்னொருத்தருக்குக் காலையில 60, ராத்திரி 300. ரிப்போர்ட்ல ரெண்டு பேரும் ஒண்ணு. அல்பாகா வளர்க்கிறவங்க விலங்கோட விலாப் பக்கம் நடுவுல ஒரு பிடி முடி வெட்டி லேபுக்கு அனுப்புவாங்க. வர்ற ரிப்போர்ட்ல சராசரிக்குப் பக்கத்துலயே இழைகள் எவ்வளவு சிதறியிருக்கு, 30-க்கு மேல எத்தனை சதவீதம்னு இருக்கும். விவரமானவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான்.

தடிச்ச இழை எங்கிருந்து வருது? தோல்ல ரெண்டு வகை மயிர்ப்பை இருக்கு. கரு வளரும்போது முதல்ல உருவாகிறது முதன்மைப் பை. அதுலதான் முரட்டு முடி வளரும். அதைச் சுத்திப் பின்னாடி கூட்டமா உருவாகிறது துணைப் பை, அதுலதான் மெல்லிசு முடி. ஒரு முதன்மைக்கு எத்தனை துணைங்கிறது கர்ப்பத்தோட பிற்பகுதியிலும் பிறந்த சில மாசத்திலும் பெரும்பாலும் முடிவாகிடுது. செம்மறி ஆட்டுல இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. கர்ப்பத்தோட கடைசிக் கட்டத்துல தாய்க்குத் தீனி குறைஞ்சா குட்டியோட துணைப் பைகள் குறையும். பின்னாடி எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அது திரும்பாது. எடை குறைவாப் பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்துல இதய நோய் வர்றதைப் பத்தி டேவிட் பார்க்கர் சொன்னாரே, அதே கதைதான். இங்க அது முதுகு மேலயே எழுதியிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வரேன்.

மைக்ரானைக் குறைக்க நல்ல வம்சம் தேடணும், தலைமுறைக் கணக்கா உழைக்கணும். அது ஒரு வழி. இன்னொரு வழி ரொம்பச் சுலபம். பட்டினி போடறது. தீனி குறைஞ்சா இழை மெலியும், ரிப்போர்ட் அழகா வரும். நல்லாத் தின்னு கொழுத்த விலங்கோட இழை தடிக்கும், ரிப்போர்ட் அசிங்கமா வரும். வேணும்னே பட்டினி போடணும்னுகூட இல்லை. குடற்புழு நிறைஞ்சு சோகை பிடிச்ச ஒரு அல்பாகா, மந்தையிலேயே "ரொம்ப நைஸ்"னு பேர் வாங்கிடலாம். அதைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினா நீங்க பெருக்கறது எதை?

இதுல கொடுமை என்னன்னா, மெலிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. அடர்ந்த முடி எல்லாத்தையும் மூடிடும். தூரத்துல பார்த்தா பொசுபொசுன்னு பொம்மை மாதிரி நிக்கும். கையை உள்ள விட்டு, கடைசி விலாவுக்குப் பின்னாடி முதுகெலும்பைத் தொட்டுப் பார்க்கணும். ரெண்டு பக்கமும் சதை சரிவா, நிரப்பமா இருந்தா சரி. குழிஞ்சு எலும்பு கத்தி மாதிரி தட்டுப்பட்டா அந்த 18 மைக்ரான் ரிப்போர்ட்டை மடிச்சு ஓரமா வைங்க. குழந்தைகள் வார்டுல நாங்க ஜூனியர்கிட்ட சொல்றதும் இதைத்தான்: சட்டையைக் கழட்டிப் பாருப்பா.

வயசையும் கேட்கணும். முதல் வெட்டுல வர்ற முடிதான் வாழ்நாள்லயே மெல்லிசு. வருஷம் ஏற ஏறத் தடிக்கும். விளம்பரத்துல போடறது பெரும்பாலும் அந்த முதல் ரிப்போர்ட்.

இன்னொண்ணு ரொம்பப் பிடிச்சுது. டெங்கு, டைஃபாய்டு, பிரசவத்துக்கு அப்புறம் ரெண்டு மூணு மாசத்துல தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டும் இல்லையா? இங்கயும் நோய், பட்டினி, பிரசவம்னு உடம்பு ஆடிப்போன சமயத்துல வளர்ந்த இழை அந்த இடத்துல மட்டும் நலிஞ்சிருக்கும். ஒரு கொத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காதோரம் வச்சு வெடுக்குனு இழுப்பாங்க. நல்ல முடி 'டிங்'னு ஒலிக்கும். நலிஞ்சது படபடன்னு அறுந்துடும். ஸ்டெதஸ்கோப் இல்லாத ஆஸ்கல்டேஷன்!

சரி, வம்சத்துல முன்னேறலாம்னா அதுவும் ஆமை வேகம்தான். கர்ப்பம் பதினொண்ணரை மாசம். ஒரே குட்டி, இரட்டை ரொம்ப அபூர்வம். பெண்ணுக்கு மாசச் சுழற்சி கிடையாது, இணை சேர்ந்தாதான் கருமுட்டை வெளியாகும். அதைத் தூண்டறது ஆணோட விந்துல இருக்கிற ஒரு புரதம். 2012-ல அதைப் பிரிச்சுப் பார்த்தா, நமக்கு நல்லாத் தெரிஞ்ச நரம்பு வளர்ச்சிக் காரணி! ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கு 1986-ல நோபல் வாங்கிக் கொடுத்த அதே மூலக்கூறு. கர்ப்பமான்னு தெரிஞ்சுக்க ஒரு ஆணைக் கிட்ட கொண்டு போவாங்க. காறித் துப்பினா பாசிட்டிவ்.

பெண் வருஷத்துக்கு ஒண்ணுதான் தரும், ஆணோ பல பெண்களுக்குத் தகப்பன் ஆகும். அதனால ஒரு 'சாம்பியன்' ஆண் பின்னாடி ஊரே ஓடும், அதோட குறையும் சேர்ந்து பரவும். மூக்கோட பின்வாசல் அடைச்சே பிறக்கிற கொயானல் அட்ரீசியா, அல்பாகா வளர்க்கிறவங்க பயப்படற பிறவிக் குறை. குட்டி மூக்காலதான் மூச்சு விடும், பால் குடிக்கும்போது திணறும். நம்ம பச்சிளம் குழந்தைகள்லயும் இதே நோய், இதே திணறல். பளிச்சுனு வெள்ளை முடி, நீலக் கண்ணுன்னு பிறக்கிறது பல சமயம் செவிடு. நிறமி செல் போய்ச் சேராத உள்காது வேலை செய்யாது, வார்டன்பர்க் சிண்ட்ரோம் மாதிரி. எல்லாரும் ஆசைப்படற அடர்த்தியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டிஸ் மலை உச்சி வெயிலுக்குப் பழகின விலங்கை இங்கிலாந்துக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டு போனாங்க. குளிர்கால மங்கல் வெயில் அந்த முடியைத் தாண்டித் தோலுக்குப் போகல. குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ். வைட்டமின் டி ஊசி போட வேண்டியதாச்சு.

அமெரிக்காவுக்கு 1984-ல இறக்குமதி ஆரம்பிச்சப்புறம் ஒரு விலங்கு பல்லாயிரம் டாலர் வரைக்கும் போச்சு. முடி வித்து அந்தக் காசு வராது. அடுத்தவருக்குக் குட்டி விக்கிறதுலதான் வரும். அவர் அதுக்கு அடுத்தவருக்கு. நம்ம ஊர் ஈமு கோழியைப் பார்த்தவங்களுக்கு மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம் போக முடியும்னு ஏற்கெனவே ஒருத்தர் காட்டியிருக்காங்க. தெற்கு பெருவில் மொகேகுவா பக்கம் எல் யரால்னு ஒரு இடம். சுமார் 1000 வருஷத்துக்கு முன்னாடி வீட்டுத் தரைக்கடியில காணிக்கையாப் புதைச்ச அல்பாகாக்கள், பாலைவன வறட்சியில தோலும் முடியுமா அப்படியே காய்ஞ்சு கிடைச்சது. ஜேன் வீலர் குழு அளந்து 1995-ல வெளியிட்டாங்க. மிக மெல்லிசு வகையோட சராசரி 17.9 மைக்ரான். முரட்டு முடியும் காணோம், உடம்பு முழுக்க ஒரே சீர். லேபும் மைக்ராஸ்கோப்பும் இல்லாத மேய்ப்பர்கள், விரல் நுனியால தடவித் தடவியே பண்ணின வேலை.

அப்புறம் ஸ்பானியர் வந்தாங்க. மேய்ப்பர்களும் மந்தைகளும் பெரும் அளவுல அழிஞ்சு போனாங்க. மிச்சமிருந்தது மேட்டு நிலத்துல லாமாவோட கலந்துச்சு. உலகத்து அல்பாகால பெரும்பங்கு இன்னைக்கும் பெருவுலதான் இருக்கு. 4000 மீட்டர் உயரத்துல, புனோ பக்கத்துல, சின்னச் சின்னக் குடும்பங்ககிட்ட. அவங்ககிட்ட வியாபாரி ரொம்ப காலமா முடியைத் தராசுல நிறுத்துத்தான் வாங்கினார். நைசும் முரடும் கிலோவுக்கு ஒரே விலை. தடிச்ச முடி எடை கூட நிக்கும்.