பதறாத காரியம் சிதறாது

"பதறாத காரியம் சிதறாது" என்று என் பாட்டி அடிக்கடி கூறுவார். அதன் பொருளை இவ்வாண்டு கணினியின் முன் அமர்ந்துதான் உணர்ந்தேன்.

நம் பள்ளி நூலகத்தில் எந்த நூல் யாரிடம் உள்ளது என்று காட்டும் ஒரு நிரலை, பைத்தான் மொழியில் நானும் என் தோழியும் எழுதத் தொடங்கினோம். நூல்களின் பட்டியல் என் பங்கு; தாமதக் கட்டணக் கணக்கு அவள் பங்கு. இருவர் வேலையையும் ஓரிடத்தில் சேர்க்க 'கிட்' என்னும் கருவியைப் பயன்படுத்தினோம். லினக்ஸின் வளர்ச்சிப் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005-இல் உருவாக்கியது அது. நாம் செய்யும் மாற்றங்களை நாட்குறிப்புப் போல வரிசையாகப் பதிந்து வைக்கும்.

தோழி 'கிட்ஹப்' தளத்தில் ஒரு களஞ்சியம் திறந்து, தன் பகுதியை முதலில் ஏற்றிவிட்டாள். நானோ என் வீட்டுக் கணினியில் 'கிட் இனிட்' என்று தனியே தொடங்கிப் பதிவுகள் செய்திருந்தேன். பின்பு 'கிட் ரிமோட் ஆட் ஆரிஜின்' என்று எழுதி, களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்தேன். ஆரிஜின் என்பது அம்முகவரிக்கு வழக்கமாக இடும் பெயர்தான். அடுத்து 'கிட் புஷ்' என்றேன். மறுக்கப்பட்டது! "உன்னிடம் இல்லாத வேலை இங்கே உள்ளது, முதலில் அதை வாங்கிக்கொள்" என்பதே அம்மறுப்பின் பொருள். பொறுமையிழந்த நான், 'ஃபோர்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தள்ளினேன். ஏறிவிட்டது. மகிழ்ந்தேன்.

மறுநாள் தோழி கண் கலங்கி, "என் கணக்கெல்லாம் எங்கேடி போச்சு?" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. ஏதோ கோளாறு என்றே அவள் நம்பினாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காலையில் மணியடிக்கும் முன்பே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "என் வீட்டுக் கணினியில் பிரதி இருக்குமே!" என்றாள். ஆம், அவள் செய்த பதிவுகள் அத்தனையும் அங்கே பத்திரமாக இருந்தன. அன்று மாலை அவள் வீட்டில் அமர்ந்து, என் பகுதியைக் 'கிட் புல்' கட்டளையால் இறக்கினோம். தனித்தனியே பிறந்த வரலாறுகளாதலால் இணைய மறுத்தன. 'அலவ் அன்ரிலேட்டட் ஹிஸ்டரிஸ்' என்று அனுமதி கொடுத்ததும் ஒன்றாயின. இருவர் வேலையும் சேர்ந்தே ஏறிற்று.

அன்புத் தோழியரே! கணினி மறுத்தால் காரணத்தைப் படியுங்கள். பிறர் உழைப்பின்மேல் ஏறி முந்தாதீர்கள். தவறிவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். அழிந்த கணக்கைப் பிரதியிலிருந்து மீட்டோம். தோழியின் நம்பிக்கைக்குப் பிரதி ஏது?

— பத்தாம் வகுப்பு மாணவி